மில்லு கெங்கம்மா

எங்கள் ஊர் முனிசிபாலிட்டிக்குக் கண் தெரியாது என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருப்பதி ரோட்டிலிருந்து பிரிந்து ஊருக்குள் வரும் பஜார் தெருவை ஒரு முறை நடந்து பாருங்கள். பணக்காரன் காம்பவுண்டு வரும் இடத்தில் ரோடு கொஞ்சம் இளைத்துக்கொள்ளும். கோயில் வரும் இடத்தில் மரியாதையாக வளைந்து கொடுக்கும். மற்றவன் வீடு வரும் இடத்தில் மட்டும் நூல் பிடித்தது போல நேராகப் போகும். கண் தெரியாத ஒன்று இவ்வளவு பார்த்துப் பார்த்துப் போகுமா?

இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதை வைத்துப் பிழைக்கலாம் என்று தோன்றியது தணிகாசலம் ஒருவனுக்கு மட்டும்.

தணிகாசலத்துக்கு அந்தத் தெருவில் மாவு மில். முன்னறையில் மில், பின்னால் வீடு, அதற்கும் பின்னால் ஒரு முருங்கை மரமும் கிணறும் இருக்கிற தோட்டம். அவனுடைய மாமனார் சத்தியவேட்டுப் பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர். மகள் நன்றாக இருக்கட்டும் என்று அதில் பாதியை விற்றுக் கொடுத்த பணத்தில் வாங்கிய இடம் அது. பத்திரம் மட்டும் மருமகன் பேரில். மில்லை ஓட்டியது மகள்தான். யசோதா காலையில் சுவிட்சைப் போட்டால் இருட்டிய பிறகுதான் நிறுத்துவாள். புருவமெல்லாம் கேழ்வரகு மாவு, தொண்டையெல்லாம் மிளகாய்த்தூள். தணிகாசலம் கல்லாவில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவருக்கு அரசியல் சொல்லிக்கொண்டிருப்பான்.

அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோபம் வந்தால் யசோதாவைத் தெருவில் தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போடுவான். "என் வூட்ட வுட்டு வெளிய போடி" என்று அவன் கத்துவது நாலு வீட்டுக்குக் கேட்கும். சோறு குழைந்தாலும் தள்ளுவான், கரண்டு போனாலும் தள்ளுவான். புருஷன் பெண்டாட்டி சண்டையில் மூன்றாவது ஆள் தலையிடக் கூடாது என்பது எங்களுக்கு ரொம்ப வசதியான கொள்கை. அவள் தெருவில் நிற்கும்போது நாங்கள் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வோம்.

அந்த நேரத்தில் அவள் போவதற்கு ஊரில் ஒரே ஒரு வாசல் இருந்தது. சர்ச் தெருவில் பிரகாசம் வீடு. மிஷன் காலத்திலிருந்து இருக்கிற குடும்பம். பிரகாசத்தின் மனைவி ஜெபமணி எதுவும் கேட்க மாட்டாள். தட்டை வைத்துச் சோற்றைப் போட்டு, பாயை உதறிப் போடுவாள். மறுநாள் பிரகாசம் யசோதாவைக் கூட்டிக்கொண்டு வந்து தணிகாசலத்தை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவார். ஒரே பெஞ்சில் படித்தவர் என்பதால் திட்டுகிற உரிமை அவருக்கு இருந்தது. அவர் வேலை பார்த்தது முனிசிபாலிட்டியில், டவுன் பிளானிங் சூப்பர்வைசராக. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

போன தை மாதம் பஜார் தெருவை அகலப்படுத்த உத்தரவு வந்தது. எங்கள் பக்கத்தில் அதை 'ரோடு வெடல்பு' என்போம். தமிழ் பேசுகிறவனும் அப்படித்தான் சொல்வான், ஏனென்றால் இடிக்க வருகிறவன் தெலுங்கில்தான் வருவான். கவர்ன்மென்டு பணம் ஒதுக்கியிருந்தது. மார்ச் முடிவதற்குள் வேலை நடக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். முனிசிபாலிட்டியில் துப்புரவுப் பணியாளர்களுக்குச் சம்பளம் நிற்கிறது, தெருவிளக்குக்குக் கரண்டு பில் நிற்கிறது. கமிஷனர் ஸ்ரீதேவி அனந்தபூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், சின்ன வயது. வந்த பணத்தைத் திருப்பி அனுப்பிய கமிஷனர் என்ற பேர் அவருக்கு வேண்டாம். அதே சமயம் இடிபடுகிறவர்களுக்குக் கொடுக்கப் பைசாவும் கிடையாது.

பிரகாசம் டேப்பும் சிவப்பு பெயின்டுமாக வந்து மில் சுவரில் கோடு போட்டார்.

"ஆறடிதான்டா போவுது. மெஷின கொஞ்சம் பின்னால தள்ளிப் போட்டுக்கோ. வீட்டுக்கு ஒரு செங்கல் கூட ஆவாது" என்றார்.

"காசு?"

"முனிசிபாலிட்டில காசு எங்க கீது? பாண்டுதான் குடுப்பாங்க, போன எடத்துக்கு பதிலா கூட ஒரு மாடி கட்டிக்கலாம்னு ஒரு காயிதம். திருப்பதில மாடி மேல மாடி கட்டுறவன் எவனாச்சும் அத்த வாங்கிக்குவான். நானே ஆள் பாத்து முடிச்சு வைக்கிறேன். வாய மட்டும் தொறக்காம இரு."

நல்ல யோசனை. நண்பன் என்பதால் சொன்னது. ஆனால் தணிகாசலத்துக்கு அன்றைக்கு மோர் கூட இறங்கவில்லை. சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர் வரிசையில், அரசமரத்துப் பிள்ளையார் இருக்கும் இடத்தில் பெயின்டு ஒதுங்கிப் போயிருந்தது. பிள்ளையார் முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டிக்கடையும் தப்பித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவன் எழுந்து நேராகத் தோட்டத்துக்குப் போனான்.

கிணற்றடியில் பழைய ஆட்டுக்கல்லின் குழவி கிடந்தது. கிரைண்டர் வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. தலைப்பக்கம் உருண்டையாக, கறுப்பாக, நட்டு வைத்தால் பார்க்கிறவனுக்குக் கை தானாகக் கூப்பிக்கொள்ளும் மாதிரி இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வந்து, சிவப்புக் கோட்டுக்கு வெளியே மில் வாசல் மூலையில் குழி பறித்து நட்டான். மஞ்சள் பூசினான். குங்குமம் வைத்தான். வேப்பிலை செருகினான்.

யசோதா மில்லை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள்.

"இன்னாயா இது?"

"கெங்கம்மா."

"ஆறடி போனா போவட்டும்யா. சாமி பேர்ல பொய் சொல்லாத. துன்ற சோத்துல மண்ணு வுழும்."

"நான் கட்டிக் காப்பாத்துற வூட்டுல இருந்துக்கினு எனக்கே புத்தி சொல்றியா?" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் தெருவில் இருந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

அன்றைக்குப் பார்த்து பிரகாசம் வீடு பூட்டியிருந்தது. சித்தூரில் ஒரு கல்யாணம், குடும்பத்தோடு போயிருந்தார்கள். யசோதா திரும்பி வந்து குழவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதன் மேல் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். விடிகாலையில் பால் ஊற்ற வந்த கமலம்மா பார்த்தது இதுதான்: அவிழ்ந்த தலை, கன்னமெல்லாம் மஞ்சள், அணைத்துக்கொண்டிருக்கும் ஒரு கல். கமலம்மா பால் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் போட்ட கூப்பாட்டில் இன்னும் நாலு பெண்கள் வந்தார்கள்.

தணிகாசலம் கதவைத் திறந்தான். கூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குக் கதை முழுசாக வந்துவிட்டது. "கனவுல வந்தா கமலம்மா! 'உன் வாசல்ல பூமிக்குள்ள கீறேன், வெளிய எடு'ன்னா. தோண்டினா நிக்கிறா! அதுலேர்ந்து எம் பொண்டாட்டி அவள வுட்டு நகரல" என்றான். யசோதா வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தையும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

கெங்கம்மாவை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அவளுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை. நடந்தது எல்லாம் மனுஷர்கள் செய்தது.

சித்தூரிலிருந்து திரும்பிய பிரகாசம் அளவு சரிபார்க்க மில்லுக்கு வந்தார். பூவும் கற்பூரமுமாக இருந்த கல்லைக் குனிந்து பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். பாவம், அவருக்குச் சிரிப்பு வந்ததுதான் தப்பு.

"டேய், இது உங்க வூட்டுக் கொழவிடா. இதுல ஆட்டின மாவுல நான் எத்தனை தோச துன்னுகீறேன்."

சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தணிகாசலம் அவர்கள் முகத்தைப் பார்த்தான். இந்த ஒரு மனுஷன் வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும். பிறகு அவன் பார்வை பிரகாசத்தின் காலுக்குப் போனது.

"பிரகாசம் சார்" என்றான். அதுவரை அவரை அவன் சார் என்று கூப்பிட்டதே இல்லை. "மொதல்ல செருப்ப கழட்டுங்க. உங்களுக்கு வேற சாமி. எங்க சாமிய கொழவிக்கல்லுன்னு சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

பிரகாசம் நிமிர்ந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. "தணிகாசலம்..." என்றார்.

"பாத்தீங்களா, பேர் சொல்லி கூப்புடுறாரு! அம்மா மேல கால வெச்சிட்டு என்னயே பேர் சொல்லி கூப்புடுறாரு!"

அவர் கால் வைக்கவில்லை. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். ஆனால் சாயங்காலத்துக்குள், கிறிஸ்டியன் ஆபீசர் அம்மனை உதைத்தார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மறுநாள் முனிசிபாலிட்டி வாசலில் ஐம்பது பேர் உட்கார்ந்தார்கள். தணிகாசலம் நடுவில் நின்றுகொண்டு, மண்ணைப் பிளந்துகொண்டு தானாக வந்த தெய்வத்தைக் குழவிக்கல் என்றவன் இந்த ஊரில் இருக்கக் கூடாது என்று பேசினான். கமிஷனர் ஸ்ரீதேவி ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிரகாசத்தைக் கூப்பிட்டு, அவர் சொன்னதை முழுசாகக் கேட்டார். நம்பவும் செய்தார். பிறகு மேலிடத்துக்கு எழுதி அவரைக் குப்பத்துக்கு மாற்ற வைத்தார். ஒரு சூப்பர்வைசருக்காக ஒரு ஊரைப் பகைத்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு நேரம் இல்லை.

குப்பம் என்றால் மாவட்டத்தின் அந்தக் கோடி. பிரகாசம் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போன அன்று யசோதா மில்லை நிறுத்திவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். ஜெபமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இன்னா பண்ணுவ யசோதா? எங்க போவ?" என்றுதான் கேட்டாள். ஊரை விட்டுத் துரத்தப்படுகிறவள் கேட்ட கேள்வி அது. பஸ் கிளம்பிய பிறகும் யசோதா அங்கேயே நின்றாள். இனிமேல் கதவு சாத்தினால் தெருதான் என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

மில்லு கெங்கம்மா வளர்ந்தாள். செவ்வாய்க்கிழமை கூழ் ஊற்றினார்கள். நாராயணவனத்திலிருந்தும் சந்திரகிரியிலிருந்தும் கூட வேண்டுதலுக்கு வந்தார்கள். யாரோ சூலம் நட்டார்கள், யாரோ தகரக் கொட்டகை போட்டார்கள். தணிகாசலம் ஒரு எவர்சில்வர் குடத்தின் வாயைத் துணியால் கட்டி, நடுவில் ஓட்டை போட்டு உண்டியலாக வைத்தான். பெண்கள் யசோதாவின் கையால் குங்குமம் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். மில்லில் அரைத்ததை விடக் குடத்தில் விழுந்தது அதிகம். கல்லாவில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்துக்கு உடம்பே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

மார்ச் மாதம் கமிஷனர் ஸ்ரீதேவியே வந்தார். தெரு முனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகிற ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்து கும்பிட்டார். தேங்காய் உடைத்தார். பிறகு தணிகாசலத்திடம் பேசினார். அவருக்குத் தமிழ் பாதி, தெலுங்கு பாதி. யாரையும் 'காரு' போட்டு மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"ஏமண்டி தணிகாசலம் காரு, அம்மவாரு ரோட்டுல இருக்காங்க. எனக்கு ரோடு வேணும். ஏம் சேத்தாம், என்ன பண்ணலாம்?"

"அம்மா வந்த எடத்துல இருந்து அசைக்கக் கூடாது மேடம். பிள்ளையாருக்கு வளைச்சீங்க இல்ல? அதே மாதிரி வளைச்சிக்கங்க."

"இங்க வளைச்சா எதிர் வரிசையில பதினோரு வீடு போகும். அந்தப் பதினோரு பேரும் கோர்ட்டுக்குப் போவாங்க. மார்ச் முடிஞ்சுரும்."

"அது உங்க பாடு மேடம்" என்றான் தணிகாசலம். அவனுக்குக் குரலே மாறியிருந்தது.

ஸ்ரீதேவி கோபப்படவில்லை. மில்லைத் தாண்டிப் பின்பக்கம் வரை போய் வீட்டை, தோட்டத்தை, கிணற்றை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். "சரே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஜேசிபி வரப்போகிறது என்று தகவல் வந்தது. தணிகாசலத்துக்குக் கொஞ்சம் பயம் வந்தது. கும்பிடத் தெரிந்த பொம்பளைக்கு இடிக்கவும் தெரிந்திருக்கும். அவன் யசோதாவை உட்கார வைத்துப் பாடம் சொன்னான்.

"வண்டி வந்து நின்னதும் நீ ஆடணும். தலைய விரிச்சுப் போட்டுக்கினு, நாக்க கடிச்சிக்கினு. 'தொடாத, தொட்டா ஊரு வெந்து பூடும்'னு சொல்லு. அவ்ளோதான். வேற எதுவும் பேசாத. அப்புறம் மயங்கி வுழுந்துடு."

யசோதா அவனைப் பார்த்தாள். "ஆடணுமா?"

"ஆடலன்னா வூட்டுக்குள்ள கால வெக்காத."

"சரி, ஆடுறேன்" என்றாள். வாக்குவாதம் பண்ணாமல் அவள் ஒப்புக்கொண்டதே அவனுக்கு ஆச்சரியம். வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

ஜேசிபி வந்த அன்று தெரு கொள்ளவில்லை. எதிர் வரிசைக்காரர்கள் ஒரு பக்கம், பக்தர்கள் ஒரு பக்கம். ஸ்ரீதேவி போலீஸோடு வந்து ஓரமாக நின்றார். உடுக்கைக்காரன் வேறு வந்திருந்தான். யார் கூப்பிட்டது என்று கேட்க வேண்டாம். வண்டி உறுமியதும் தணிகாசலம் யசோதாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

யசோதா ஆடினாள். மஞ்சள் புடவையும் அவிழ்ந்த கூந்தலுமாக அவள் போட்ட சத்தத்தில் வண்டிக்காரன் தானாகவே இன்ஜினை நிறுத்தினான். "தொடாத! தொட்டா ஊரு வெந்து பூடும்!" என்று கத்தினாள். பெண்கள் குலவை போட்டார்கள். போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். தணிகாசலம் ஸ்ரீதேவியைப் பார்த்த பார்வையில் ஜெயித்தவனின் கொழுப்பு தெரிந்தது.

அவன் எல்லாவற்றையும் யோசித்திருந்தான், ஊர் வழக்கத்தைத் தவிர. எங்கள் பக்கத்தில் சாமி வந்தால் அப்படியே விட்டுவிட மாட்டோம். கற்பூரத்தைக் காட்டி, என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். சொன்னதைக் கொடுப்பதாகச் சத்தியம் பண்ண வேண்டும். அப்போதுதான் சாமி மலையேறும். பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற விஷயம் என்பதாலேயே அது அவன் நினைவில் வரவில்லை. கமலம்மா கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தாள்.

"தாயே, உனுக்கு இன்னா வேணும்? எங்களுக்கு வாயத் தொறந்து சொல்லு தாயே!"

ஸ்ரீதேவியும் ஓர் அடி முன்னால் வந்து கைகூப்பினார். "செப்பு தல்லி. நீகேம் காவாலி?"

யசோதா ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஆடிக்கொண்டே தணிகாசலத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வெயில்ல நிக்க வெச்சிட்டாங்க என்ன. தெருவுல நிக்க வெச்சிட்டாங்க. தெருவுல நிக்க மாட்டேன். என்ன உள்ள கூட்டினு போ!"

"எங்க தாயே?"

"இந்த வூட்டுக்குள்ள. வூடு எனுக்கு. தோட்டம் எனுக்கு. கெணறு எனுக்கு. வேற எவனும் இங்க இருக்கக் கூடாது!"

எதிர் வரிசையில் பதினோரு வீட்டுக்காரர்களும் ஒரே குரலில் "தாயே!" என்று கத்தினார்கள். அம்மன் வீட்டுக்குள் போய்விட்டால் ரோடு நேராகப் போகும். அவர்கள் வீடு பிழைக்கும். அவ்வளவு உருக்கமான பக்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தணிகாசலம் சிரிக்கப் பார்த்தான். "ஏய் யசோதா, இன்னா ஒளர்ற? மயங்கி வுழு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"சாமிய பேர் சொல்லிக் கூப்புடுறியாடா?" என்று பின்னாலிருந்து ஒருவன் அவன் கழுத்தைப் பிடித்தான். அவனை உட்கார்ந்து கும்பிட வைத்தார்கள். அவன் திமிறிக்கொண்டு எழுந்தான். பயத்தில் அவனுக்கு உண்மை வந்துவிட்டது.

"ஐயோ, அது சாமி இல்லடா! கொழவிக்கல்லுடா! எங்க வூட்டுக் கொழவிக்கல்லு, நான்தான்டா நட்டேன்!"

முதல் அடி யார் கையிலிருந்து விழுந்தது என்று சொல்ல முடியாது. கமலம்மா கூடத் தட்டை வைத்துவிட்டு ஒன்று போட்டாள். போலீஸ்காரர்கள் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்து விலக்கினார்கள். ஸ்ரீதேவி குனிந்து, உதடு கிழிந்து கிடந்தவனிடம் மெதுவாகச் சொன்னார்: "இதே வார்த்த சொன்னதுக்குத்தானே பிரகாசம் காருவ ஊர விட்டு அனுப்பச் சொன்னீங்க?"

அன்றைக்கே நல்ல நேரம் பார்த்து, மேளதாளத்தோடு கல்லைப் பெயர்த்து வீட்டுக் கூடத்தில் நட்டார்கள். மாவு மெஷினைத் தூக்கித் தெருவில் வைத்தார்கள். மில் அறையின் ஆறடி ரோட்டுக்குப் போனது. மிச்சம் மண்டபம் ஆனது. தோட்டத்தில் பக்தர்களுக்குத் தண்ணீர்க் குழாயும் கக்கூஸும் கட்ட ஸ்ரீதேவி உடனே ஒப்புதல் கொடுத்தார். பஜாரில் பொதுக் கழிப்பறை கட்ட இடமில்லை என்று ஆறு வருஷமாக நின்றுகொண்டிருந்த வேலை அது. வாசலில் ஒரு பளிங்குக் கல் வைத்து, இடத்தை அம்மனுக்குத் தானமாகக் கொடுத்த தர்மவான் தணிகாசலம் என்று தெலுங்கிலும் தமிழிலும் பொறித்தார்கள். தானம் என்று ஆகிவிட்டதால் அந்த ஆறடிக்கான பாண்டும் கிடையாது. மார்ச் முடிய நாலு நாள் இருக்கும்போது தார் ஊற்றினார்கள். ரோடு ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, குறை சொல்ல முடியாது.

மேளச் சத்தத்தில் யசோதாவை யாரும் கவனிக்கவில்லை. அவள் குளித்து, மஞ்சள் புடவையை மாற்றிக்கொண்டு, சித்தூர் பஸ் ஏறியிருந்தாள். வந்த வேலை முடிந்ததும் அம்மா அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தணிகாசலம் கமிஷனர் ஆபீசுக்கு நடந்தான். வீடு என் பேரில் இருக்கிறது என்றான், வக்கீலைப் பார்க்கிறேன் என்றான்.

"பாருங்க" என்றார் ஸ்ரீதேவி. "கோர்ட்டுல கல்லு பொய்னு சொல்லணும். சொன்னா, உண்டியல் வெச்சு ஊர ஏமாத்தினதுக்கு ஒரு கேசு. ஆபீசர் மேல பொய்ப் புகார் குடுத்ததுக்கு இன்னொண்ணு. கல்லு நிஜம்னு சொன்னா, சாமி கேட்டத குடுத்துட்டீங்க. எது வேணும்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

அவன் அரசமரத்துப் பிள்ளையார் மேடையில் படுத்துக்கொண்டிருந்தான். சாமியைக் கல் என்றவனுக்கு எவனும் வீடு வாடகைக்குத் தரவில்லை. டீக்கடையில் கிளாஸ் தரவில்லை, பேப்பர் கப்பில்தான் கொடுத்தார்கள். அப்படிப் படுத்துக் கிடக்கும்போதுதான் அவனுக்கு ஒரு வழி தோன்றியது. கல் நிஜமாகவே இருக்கட்டும். சாமி வீட்டைக் கேட்கவில்லை, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று யசோதா வந்து கமலம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் அவள் பேச்சைக் கேட்கும். வீடு திரும்பி வரும். அவள் எங்கே இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

குப்பத்தில் பிரகாசத்தின் வீட்டைக் கண்டுபிடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. யசோதா வாசலில் துணி காயப் போட்டிருந்த கொடியின் பக்கத்தில் நின்றிருந்தாள். தலையில் மாவு இல்லை. அவள் தலைமயிர் இவ்வளவு கறுப்பு என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"யசோதா, வா, ஊருக்குப் போலாம்."

"எதுக்கு?"

"வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லு. சாமி வூட்ட கேக்கல, நான்தான் மயக்கத்துல ஏதோ ஒளறிட்டேன்னு சொல்லு. நம்ம வூடு நமக்கு வந்துடும்."

"மயக்கம் எல்லாம் ஒண்ணும் இல்ல. தெளிவாத்தான் இருந்தேன்."

தணிகாசலம் அவளை வெறித்துப் பார்த்தான். பிள்ளையார் மேடையில் கிடந்த நாட்களில் அவனுக்கே ஒரு சந்தேகம் வந்திருந்தது: ஒருவேளை நிஜமாகவே கெங்கம்மா வந்துதான் கேட்டாளோ? அப்படி இருந்தால் கூட அவனால் தாங்கியிருக்க முடியும். சாமி எடுத்துக்கொண்டால் விதி என்று தலையில் கை வைத்துக்கொள்ளலாம்.

"அப்ப... சாமி வரலியா?"

"கொழவிக்கல்லுல எங்கேர்ந்து வரும்? நீதானயா கொண்டாந்து நட்ட."

"பாவி, உனுக்கும்தானடி வூடு இல்லாம போச்சு!"

"எனுக்கு எப்ப இருந்துச்சு? என் வூடு, என் வூடுன்னு நீதான் சொல்லிக்கினு இருந்த. எனுக்குன்னு இருந்தது இவங்க வூடு ஒண்ணுதான். அத்தயும் ஊர வுட்டுத் தொரத்தின. அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுலயே முடிவு பண்ணிட்டேன், உன் வூடும் நிக்கக் கூடாதுன்னு. எப்டி பண்றதுன்னு தெரியல. நீயே ஆடச் சொன்ன."

பிரகாசம் ஆபீசிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தினார். தணிகாசலம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான். "டேய் பிரகாசம், நீயாவது எடுத்துச் சொல்லுடா. நான் பண்ணது தப்புடா. உனுக்குத் தெரியும்டா, அது எங்க வூட்டுக் கொழவின்னு."

பிரகாசம் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "நான் கிறிஸ்டியன். உங்க அம்மன் விஷயத்துல நான் இன்னா சொல்ல முடியும், தணிகாசலம் காரு?" என்றார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஜெபமணி வாசற்படியில் நின்றிருந்தாள். வந்தவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்பிப் பழக்கம் இல்லாதவள். அவள் யசோதாவையே பார்த்தாள்.

"கடைசி பஸ் போயிடுச்சு" என்றான் தணிகாசலம். குரல் உள்ளே போயிருந்தது. "இன்னிக்கி ஒரு ராத்திரி மட்டும்... உள்ள ஒரு ஓரமா படுத்துக்கட்டுமா யசோதா?"

யசோதா கொடியிலிருந்த கடைசித் துணியையும் உருவி மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

"பஸ் ஸ்டாண்டுல பெஞ்சு கீது. போய்ப் படு" என்றாள்.